தரங்கம்பாடி

தரங்கம்பாடி: மயிலாடுதுறை மாவட்டத்தில், காவிரிப் படுகையின் கடல் விளிம்பில் உள்ள பழைய டேனிஷ் குடியேற்ற ஊர். கோட்டையும் பழந்தேவாலயங்களும் ஒரே இடத்தில் அமைந்த சிற்றூர்.

வரலாறு: 1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்ட டென்மார்க்கினர், தளபதி ஓவே கெட்டே தலைமையில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். 1845இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது.

காண வேண்டியவை: ஊருக்குள் நுழையும் வழியில் வெள்ளை பூசிய நகர வாயில் நிற்கிறது, இப்போதுள்ள வாயில் 1792இல் கட்டப்பட்டது. உள்ளே செல்லும் இராஜ வீதியில் 1701ஆம் ஆண்டின் சீயோன் ஆலயமும், 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயமும் உள்ளன. பின்னதன் முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை எழுத்துகள் மணிமுடியுடன் புடைப்பாகத் தெரியும். 1706இல் இங்கு வந்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு இவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். வீதி முடிவில் கடலைப் பார்த்து நிற்கும் கோட்டையின் கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறை அறைகளும் உள்ளன. மேல்தளத்தில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது. கரையோரத்தில் கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில் உள்ளது. குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த இக்கோயில் கோட்டையைவிட மூன்று நூற்றாண்டு மூத்தது.

பயணம்: சீர்காழி – காரைக்கால் சாலையில், பொறையாறை ஒட்டி உள்ளது. மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் வரலாம். வெயில் ஏறுமுன் நடந்தே சுற்றிப் பார்ப்பது நல்லது.