பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட ஊர்

1801 மே 24 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்தபின், கிழக்கிந்தியக் கம்பெனி அதை இடித்ததோடு நிற்கவில்லை. கோட்டை மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தது. ஊர்ப் பெயரையே பதிவேடுகளிலிருந்து நீக்கச் சொன்னது. நிலத்தைத் தனக்குத் துணைநின்ற எட்டயபுரம் முதலிய பாளையங்களுக்குப் பங்கிட்டது. நவம்பர் 16-ல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைத் தூக்கிலிட்டது. 1802 பிப்ரவரியில், தளவாய் குமாரசாமி நாயக்கர் உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோரைப் பினாங்குக்குக் கப்பலேற்றியது. இந்தத் தேதிகளும் பெயர்களும் நமக்குக் கிடைப்பதே அழித்தவர்களின் தாள்களிலிருந்துதான். ஆனால் அந்தத் தாள் கேட்கும் கேள்வி, பிடிபட்டவன் யார் என்பதோடு முடிந்துவிடுகிறது. அவன் யார் மகன், எந்த ஊரில் பெண் எடுத்தான், பிள்ளைகள் யார் வீட்டில் வளர்ந்தார்கள் என்பதெல்லாம் குடும்பத்தார் வாயில்தான் இருக்கும். தன் குடும்பத்தின் வேர் தேடுகிறவர் இவ்விரண்டையும் சமமாக மதித்தாக வேண்டும்.

வாய்மொழியாக வந்த கதைப்பாடல் மிகைப்படுத்துமே, அதைச் சான்றாக ஏற்கலாமா என்று கேட்பார்கள். மிகைப்படுத்தும்தான், நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலைப் படித்தாலே தெரியும். ஆனால் தாளும் வாய்மொழியின்றி நிற்பதில்லை. 1801 போரில் கம்பெனிப் பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் ஒன்றைச் சொல்கிறார்: காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையைத் துணியால் மூடி, அம்மையில் செத்த பிள்ளை என்று ஒப்பாரி வைத்து, தேடிவந்த எட்டயபுரத்து ஆட்களை விரட்டினாள் ஒரு தாய். வெல்ஷ் அதைக் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டார். அது வெள்ளைக்காரர் புத்தகத்தில் ஏறியதும் வரலாறு, நம் கிழவிகள் சொன்னால் கட்டுக்கதை என்பது நியாயமா? தாளையும் நினைவையும் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வேறோர் எடுத்துக்காட்டு: நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் 48 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களை ஜெருசலேமின் யாத் வஷேம் நிறுவனம் மீட்டிருக்கிறது. அதற்குக் கொலையாளிகளின் ரயில் பட்டியல்களும் உதவின. தப்பியவர்களும் உறவினர்களும் நினைவிலிருந்து எழுதித் தந்த சாட்சியப் படிவங்களும் உதவின. ஒன்றில் விட்டுப்போனதை மற்றது நிரப்பியது.

ஒரு பாளையத்தின் அழிவையும் ஓர் இனத்தையே துடைக்க முனைந்த கொடுமையையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வைக்க முடியாது, அளவும் வேறு, நோக்கமும் வேறு. அங்கே தப்பியவர்களாலேயே பேச முடிந்தது. இங்கே ஏழெட்டுத் தலைமுறை கடந்துவிட்டது. நாம் எடுத்துக்கொள்வது தேடும் முறையை மட்டுமே. 1974-ல் அரசு நினைவுக் கோட்டை எழுப்பியது, வாரிசுகளுக்கு வீடும் கட்டித் தந்தது. குடும்பங்களின் பெயர் வரிசையைத் தொகுப்பது அதைவிட அவசரமான வேலை. மூத்தவர்கள் போனால் அவர்கள் அறிந்ததும் போய்விடும். பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் விழாவுக்கு ஆண்டுதோறும் சொந்தபந்தம் திரள்கிறதே, வருகிற விழாவிலேயே ஊர்வாரியாக உட்கார்ந்து கேட்டு எழுதலாம். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் கம்பெனிக் காலத் தாள்களோடு அதை ஒப்பிடலாம்.