கோகினூரும் ஊவா நிலமும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

கோகினூர் வைரத்தின் வரலாறு பெரும்பாலும் மன்னர் பெயர்களின் வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின் அது எம்முறையிற் கைமாறியது என்பதே வரலாற்று மாணவர் எழுப்பவேண்டிய வினாவாகும். பதுளைப் பகுதிப் பெருந்தோட்டங்களின் தோற்றத்தை அறிந்தோர்க்கு அம்முறை புதியதன்று.

வைரம் காபனின் பளிங்குருவம். கடினத்தன்மையை அளக்கும் மோ அளவுத்திட்டத்தில் 10 என்னும் உச்சநிலையும், 2.42 என்னும் ஒளிமுறிவுச் சுட்டியும் அதன் சிறப்பியல்புகள். பதினெட்டாம் நூற்றாண்டிற் பிரேசிலில் வைரம் கண்டறியப்படும்வரை உலகின் தேவையைப் பெரும்பாலும் இந்தியாவே நிறைவுசெய்தது. கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்தில் ஆண், பெண், சிறுவர் என ஏறத்தாழ 60,000 பேர் உழைத்தனர் எனப் பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வணிகர் தவேர்னியே குறித்துள்ளார். கோகினூரும் அங்கேயே எடுக்கப்பட்டது என்பது பலரது கருத்து. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாந் தொகுதியில், வைரத்தின் பெறுமதியை அதனைத் தேடியெடுக்கும் உழைப்பு நேரத்தைக் கொண்டே மார்க்ஸ் விளக்கினார். அவ்வாறு உழைத்தோரின் பெயர்களோ மன்னர் வரிசையில் இடம்பெறவில்லை.

1739இல் நாதிர்ஷா தில்லியைக் கொள்ளையிட்டபோது வைரம் பாரசீகம் சென்றது. 'ஒளிமலை' எனப் பொருள்படும் அதன் பெயரும் பாரசீகமே. ஆப்கானிய மன்னர் வழியாக 1813இல் அது ரஞ்சித் சிங்கை அடைந்தது. 1849இற் பஞ்சாபைக் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பனி, பத்து வயதுச் சிறுவனான துலீப் சிங்கைக் கொண்டு உடன்படிக்கையொன்றில் ஒப்பமிடுவித்தது. வைரத்தை இங்கிலாந்து அரசியிடம் ஒப்படைக்குமாறு அதன் மூன்றாம் பிரிவு பணித்தது. 1851ஆம் ஆண்டு லண்டன் பொருட்காட்சியில் ஒளி போதாதெனப் பார்வையாளர் குறைகூறினர். மறுவருடம் மீண்டும் பட்டைதீட்டப்பட்டபோது, 190 கரட்டுக்கு மேற்பட்டிருந்த நிறை 105.6 கரட்டாகக் குறைந்தது.

படைவலியாற் கொண்டதைச் சட்டத்தால் உரிமையாக்கும் இம்முறை இலங்கையில் முன்னரே கையாளப்பட்டதாகும். 1815இல் கண்டி உடன்படிக்கை எழுதப்பட்டது. 1817-18இல் ஊவா மக்கள் கிளர்ந்தெழுந்தபோது வீடுகளும் பயிர்களும் அழிக்கப்பட்டன. 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், எதிர்மாறு நிரூபிக்கப்படும்வரை காடும் தரிசும் முடிக்குரியவை என விதித்தது. அந்நிலங்களிற் கோப்பியும், 1869இல் இலைநோய் தோன்றிய பின்னர் தேயிலையும் பயிராயின. உழைக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டோரின் சந்ததியினருட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது.

1815இற் கவரப்பட்ட கண்டிச் சிம்மாசனம் 1934இல் திருப்பியளிக்கப்பட்டு, இன்று கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ளது. கோகினூர் இன்னும் லண்டன் கோட்டையிலேயே உள்ளது. அதனை மீட்கக் கோருவது நியாயமே. எனினும், கவர்ந்ததை யாரிடம் திருப்பியளிப்பது என்னும் வினா எஞ்சுகிறது. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. தலைமுறைகளாக லயன் அறைகளில் வாழும் தொழிலாளருட் பெரும்பாலோர்க்குத் தாம் குடியிருக்கும் நிலத்திற்கு உறுதி இன்றும் இல்லை. வைரத்துக்கு உரிமை கோர அரசுகள் பல உள. ஊவா மண்ணில் உழைத்தவரின் உரிமையைக் கோருவது எவர் கடமை என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.