112 அடி மனுவும் சரவணம்பட்டி நேர்காணலும்

வளாக நேர்காணல் காலம் வந்துவிட்டால் சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கத்து விடுதி அறைகளில் ஒரு வாக்குவாதம் தவறாமல் நடக்கிறது. "அரசு வேலையில்தான் கோட்டா இருக்கிறதே, கம்பெனியிலாவது திறமைக்கு வேலை கிடைக்கட்டும்." இதைப் புது நியாயம் போலப் பலர் சொல்கிறார்கள். இந்த வாதத்துக்கு வயது 130க்கு மேல். நம் முன்னோர் அதற்குச் சொன்ன பதிலுக்கும் அதே வயதுதான்.

அன்று ஐ.சி.எஸ். தேர்வு லண்டனில் மட்டுமே நடந்தது. அதே நேரத்தில் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. 1893 ஜூனில் பிரிட்டிஷ் மக்களவையும் அதை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. எல்லோருக்கும் ஒரே தேர்வு, வென்றவருக்குப் பதவி. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் இரட்டைமலை சீனிவாசனும் பறையர் மகாஜன சபையும் அதை எதிர்த்தார்கள். 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீள மனு அந்த டிசம்பரில் சென்னையிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது.

தேசியம் படித்து வளர்ந்த மாணவருக்கு இது உறுத்தலாம். காரணத்தைப் பாருங்கள். இங்கே தேர்வு நடந்தால் எழுதப் போவது யார்? தலைமுறை தலைமுறையாகப் படித்தவர்கள். வென்று அதிகாரியாகி நம் சேரிக்கு நீதி சொல்லப் போவதும் அவர்களே. பஞ்சமர் பள்ளிகளுக்குச் சிறப்பு உதவி தரும் சென்னை அரசாணை வந்ததே அந்த 1893இல்தான். பள்ளிக்கூடக் கதவு திறக்கத் தொடங்கிய ஆண்டிலேயே, கலெக்டர் பதவிக்குச் சமமாகப் போட்டியிடு என்றால் அதற்குப் பெயர் சமத்துவமா?

அடுத்த கட்டத்தில் சட்டமன்றம் வந்தது, நீதிக்கட்சி ஆட்சி வந்தது. 1921இல் வகுப்புவாரி உரிமை அரசாணையும் வந்தது. ஆனால் ஒடுக்கப்பட்டோரின் பங்கு கைக்கு வரவில்லை. எம்.சி. ராஜா 1923இல் நீதிக்கட்சியை விட்டே வெளியேறினார். பிறகு கொங்குநாட்டுக் குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன் முதலமைச்சராக இருந்தபோது, அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் முயற்சியால் திட்டவட்டமான அரசாணை பிறந்தது. ஒவ்வொரு 12 இடத்திலும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனர், முஸ்லிம், கிறித்துவர்-ஆங்கிலோ இந்தியர் ஆகியோருக்குத் தலா 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1.

பன்னிரண்டில் ஒன்று. மக்கள் தொகைக்கு அது மிகக் குறைவு. ஆனாலும் அந்த ஒன்று எழுத்தில் இருந்தது. எழுத்தில் இருந்ததால் நிரப்பப்பட்டதா என்று கேட்க முடிந்தது. கொங்கு மண்ணின் அருந்ததியரும் இதே வழியில்தான் கேட்டார்கள். பட்டியல் சாதிக்கான 18 விழுக்காட்டில் தங்களுக்கு வந்தது எவ்வளவு என்று எண்ணிக் காட்டினார்கள். 2009இல் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமானது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு உள்ஒதுக்கீடு செல்லும் என்றது.

இப்போது சத்தி ரோட்டுக்கு வருவோம். இங்குள்ள கண்ணாடிக் கட்டடங்களுக்குள் அந்த 18ம் இல்லை, 3ம் இல்லை. திறமை மட்டும்தான் என்கிறார்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு நாம் பெயரிலிருந்து சாதியை வெட்டியவர்கள். அதனால் இங்கே நேர்காணலில் பெயரைத் தாண்டிக் கேட்பார்கள். சொந்த ஊர் எது, ஊருக்குள்ளா காலனியா, அப்பா என்ன செய்கிறார்? சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முந்தைய படியைக் காட்டியது. ஒரே தகுதி, வேறு வேறு சாதிப் பெயர் எனத் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, ஆதிக்கச் சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். திறமையைச் சோதிக்கும் முன்பே கதவு சாத்தப்பட்டது.

உள்ளே இருப்பவரின் சிபாரிசில் ஆள் எடுப்பதும் அப்படித்தான். உள்ளே நம்மவர் இல்லாவிட்டால் யார் நம் பெயரைச் சொல்வது? அவர்களுக்குச் சொந்தக்காரர், பழைய மாணவர், ஊர்க்காரர் என்று வந்தால் அது தொடர்பு. நமக்குச் சட்டப்படி வந்தால் அது சலுகை. கோவையில் சாக்கடை அள்ள நம் மக்களை எடுக்கும்போது மட்டும் எவரும் தகுதித் தேர்வு வைப்பதில்லை.

"நாங்களும் பன்முகத்தன்மை பார்க்கிறோம்" என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அமெரிக்காவில் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், இனவாரியாக ஊழியர் கணக்கை ஆண்டுதோறும் அரசுக்குத் தர வேண்டும். 1960களிலிருந்து அது நடைமுறை. இங்கே செபி பெரிய பட்டியலிட்ட நிறுவனங்களிடம் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் கணக்கைக் கேட்கிறது. அது வேண்டும், வரவேற்கிறோம். சாதிக் கணக்கை மட்டும் ஏன் கேட்பதில்லை? அங்கே கறுப்பினத்தவரை எண்ணத் தெரிந்த அதே கம்பெனிக்கு இங்கே நம்மை எண்ணத் தெரியாதா?

தனியார் துறையில் இடஒதுக்கீடு என்பது நம் நெடுநாள் கோரிக்கை. அதற்கு முதல் படி கணக்கு. விண்ணப்பித்தோர் எத்தனை, அழைக்கப்பட்டோர் எத்தனை, எடுக்கப்பட்டோர் எத்தனை, பதவி உயர்வு பெற்றோர் எத்தனை? இந்த நான்கு எண்களையும் சாதிவாரியாக வெளியிடட்டும். திறமைதான் அளவுகோல் என்று நம்புகிறவர்களுக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது?

தோழர்களே, 1893இல் நம்மில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அந்த நிலையிலும் 3,412 கையெழுத்து சேர்த்தார்கள். இன்று கல்லூரிதோறும் நாம் இருக்கிறோம். அடுத்த மனுவை நாம் எழுத வேண்டும்.