சாயக்காரர் கம்பெனியும் சென்னைப் பேராசிரியரும்

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பளீர் மெஜந்தா நிறம் மறக்காது. 1859-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அலெக்சாண்டர் கிளாவெல் என்ற பட்டுச் சாயக்காரர் இதே நிறத்தை ரசாயன முறையில் தயாரிக்க ஆரம்பித்தார். அவருடைய பட்டறைதான் பின்னாளில் சீபா என்ற பெரிய மருந்துக் கம்பெனியாக வளர்ந்தது. சாயம் செய்யத் தெரிந்தவனுக்கு மருந்து செய்வது அவ்வளவு தூரமில்லை. இரண்டுமே கரிம வேதியியல்தான்.

அந்த சீபா 1963-ல் பம்பாய் கோரேகானில் ஓர் ஆராய்ச்சி மையம் திறந்தது. அதற்கு இயக்குநராக வந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்த டி.ஆர்.கோவிந்தாச்சாரி. நம்மில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டிருப்போம்?

1915-ல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியிலேயே படித்து, பி.பி.டே என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸிடம் சில ஆண்டுகள். அங்கேயே தங்கியிருக்கலாம்... திரும்பி வந்து பழைய கல்லூரியிலேயே பேராசிரியரானார்.

அவர் கையில் எடுத்தது வேலியோரம் படரும் ஒரு கொடியை. நஞ்சறுப்பான்! ஆஸ்துமாவுக்கு நாட்டு வைத்தியர்கள் கொடுப்பது. அதிலிருக்கும் டைலோபோரின் என்ற காரப்பொருளை 1935-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆனால் மூலக்கூறு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியவில்லை. இன்று ஒரு கருவியில் வைத்தால் பெரும்பாலான விவரம் வந்துவிடும். அன்று மூலக்கூறைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டும் என்ன என்று கண்டுபிடித்து, பிறகு மனதுக்குள் திரும்ப ஒட்டவைக்க வேண்டும். சிதறிய நூல்களைப் பார்த்துப் புடவையின் டிசைனைச் சொல்வது மாதிரி. ஓர் அரசுக் கல்லூரி ஆய்வகத்தில் பி.ஆர்.பாய், கே.நாகராஜன் போன்றவர்களுடன் சேர்ந்து அதைச் செய்தார். வேதியியலுக்கான பட்நாகர் பரிசு முதன்முதலில் 1960-ல் இவருக்குத்தான் கிடைத்தது.

கோரேகானில் அவர் செய்ததில் ஒன்று மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். 1966-ல் அமெரிக்காவில் வால், வாணி என்ற இருவர் ஒரு சீன மரத்திலிருந்து கேம்ப்டோதெசின் என்ற புற்றுநோய் எதிர்ப்புப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். (வாணி மகாராஷ்டிராவின் நந்துர்பாரில் பிறந்தவர்.) சிக்கல் என்னவென்றால் மரத்தில் அது மிகக் குறைவு. 1972-ல் கோவிந்தாச்சாரியும் என்.விஸ்வநாதனும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மாப்பியா என்ற மரத்தில் அதே பொருள் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். பெருங்குடல், சினைப்பைப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கப்படும் இரினோடீகன், டோபோடீகன் ஆகிய மருந்துகள் இந்தப் பொருளிலிருந்து வந்தவை. இரண்டும் 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மருந்துக்குக் கிராக்கி வந்ததும் மாப்பியா மரங்களை வெட்டி ஏற்றுமதி செய்தார்கள். பல இடங்களில் மரம் அருகிப் போய்விட்டது. கண்டுபிடித்தவரைக் குறை சொல்ல முடியாது, ஆனால் கணக்கில் இதையும் பற்று வைக்கத்தான் வேண்டும்.

நஞ்சறுப்பான் காலத்து நாகராஜனும் கோரேகானுக்கு வந்தார். மனச்சோர்வுக்கான சின்டமில் என்ற மருந்து அவர் குழுவின் உருவாக்கம். (பெயரைப் படித்தால் செந்தமிழ் ஞாபகம் வருகிறதா?) புது மூலக்கூறை இந்தியாவிலேயே உருவாக்கி மருந்தாக விற்பது அன்று அபூர்வம். ஏனென்றால் 1970-ன் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டும்தான் தந்தது. அதனால் மாத்திரை விலை குறைந்தது, ஏழைக்கு மருந்து கிடைத்தது. அதே சட்டத்தால் புது மருந்துக்குப் பணம் போட வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஆசையும் குறைந்தது. 2005-ல் சட்டம் மாறியபோது கோரேகான் மையம் இல்லை, மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. சீபாவே 1996-ல் நோவார்டிஸாகிவிட்டது.

கோவிந்தாச்சாரி 1975-ல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பேருக்குத்தான். சென்னை திரும்பி அமிர்தாஞ்சனம் கம்பெனிக்கு ஆராய்ச்சி ஆலோசகரானார். பிறகு ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையில் வேப்பங்கொட்டையைக் கையில் எடுத்தார். பயிர்ப்பூச்சிகளைத் தடுக்கும் அசாடிராக்டின் வகைப் பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தபோது அவருக்கு வயது எண்பது. 2001 டிசம்பரில் காலமானார்.