"இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்ற பழைய முறைப்பாடு

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, கலியாண வீட்டில், பெற்றோர் கூட்டத்தில் என்று எங்கு போனாலும் ஒரே பேச்சு: "இந்தக் காலத்துப் பிள்ளைகள் சரியில்லை." எந்நேரமும் ஃபோன், டிக்டொக், தலைமுடி வெட்டு, பைக் சத்தம், பெரியவர்களைக் கண்டால் ஸலாம் இல்லை. இதில் ஒன்றுமே உண்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஐஸ் போதைப்பொருள் எந்த ஊரையும் விட்டுவைக்காத காலத்தில் ஓர் உம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் இந்த முறைப்பாட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதற்கு இந்த நாடு கொடுத்த விலையும் இருக்கிறது. வரலாறு படிப்பிக்கிறவன் என்ற முறையில் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"இளைஞர்கள் ஆடம்பரப் பிரியர்கள், பெரியவர்களை மதிப்பதில்லை" என்று சோக்ரடீஸ் சொன்னதாக வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அடிக்கடி வரும். அது சோக்ரடீஸ் சொன்னதல்ல. பழைய கிரேக்கர்களின் முறைப்பாடுகளை கென்னத் ஜோன் ஃப்ரீமன் என்ற கேம்பிரிஜ் மாணவர் தன் சொந்த வார்த்தைகளில் சுருக்கி எழுதினார். 1907இல் வெளியான அவருடைய நூலில் இருந்த அந்த வரிகள்தான் பிறகு சோக்ரடீஸின் பெயரில் சுற்றத் தொடங்கின. ஆனால் முறைப்பாடு பழையது என்பது உண்மை. இளைஞர்கள் எதையும் அளவு மீறிச் செய்கிறார்கள், எல்லாம் தமக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள் என அரிஸ்டோட்டில் எழுதினார். அவர்கள் துணிச்சலானவர்கள், நம்பிக்கை நிறைந்தவர்கள், இலாபத்தைவிட நல்லதை விரும்புகிறவர்கள் என்றும் அதே இடத்தில் எழுதினார். நாங்கள் முதல் பாதியை மட்டும்தான் ஞாபகத்தில் வைத்திருக்கிறோம்.

எங்கள் மார்க்க வரலாற்றில் இன்னும் தெளிவான உதாரணம் உண்டு. ஹிஜ்ரி 11இல் ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஒரு படைக்கு உஸாமா பின் ஸைத் (ரழி) அவர்களைத் தளபதியாக நியமித்தார்கள். உஸாமாவுக்கு அப்போது 18 வயதளவில்தான். படையில் மூத்த ஸஹாபாக்கள் இருந்தார்கள். "இந்தச் சின்ன வயதுக்காரரா எங்களுக்குத் தலைவர்?" என்ற முணுமுணுப்பு எழுந்தது. முன்னர் இவருடைய தந்தையின் தலைமையையும் குறை சொன்னீர்கள், அவரும் தகுதியானவர்தான், இவரும் தகுதியானவர்தான் என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொன்னார்கள். நபியவர்களின் வஃபாத்துக்குப் பிறகும் தளபதியை மாற்றச் சொல்லிக் கேட்டவர்கள் இருந்தார்கள். அபூபக்ர் (ரழி) அவர்கள் மறுத்துவிட்டார்கள். உஸாமா வாகனத்தில் இருக்க, கலீஃபா பக்கத்தில் நடந்து போய் வழியனுப்பி வைத்தார்கள்.

எங்கள் நாட்டுச் சமூகத்துக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்டியில் அறிஞர் சித்திலெப்பை ஆங்கிலக் கல்வி, பெண் கல்வி என்று பேசியபோது, பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், மார்க்கத்தை விட்டுவிடுவார்கள் என்று பயந்தவர்கள் அநேகம். அவர் 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி எழுதினார், பாடசாலைகளை அமைத்தார். 1892இல் கொழும்பில் ஸாஹிரா உருவானது. 1921இல் டி.பி. ஜாயா அதன் அதிபரானார். அவருடைய காலத்தில்தான் எங்கள் மாத்தளை உட்பட வெளியூர்களிலும் ஸாஹிராக்கள் வந்தன. பயத்தை மட்டும் கேட்டிருந்தால் இன்று எங்கள் வீடுகளில் டாக்டரும் இல்லை, டீச்சரும் இல்லை.

இனிக் கசப்பான பகுதி.

இலங்கை 1931இல் 21 வயதானவர்களுக்கும் 1959இல் 18 வயதானவர்களுக்கும் வாக்குரிமை கொடுத்தது. இலவசக் கல்வி கிராமம் வரை போனது. பிள்ளைகள் படித்தார்கள். படித்தபின் தொழிலுக்குப் போனால் எம்.பி.யின் கடிதம் கேட்டார்கள், ஆங்கிலம் கேட்டார்கள். 1971 ஏப்ரலில் தெற்கில் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. கைதானவர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விபரங்களை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர ஆராய்ந்தார். பெரும்பாலானோர் கிராமத்து மகா வித்தியாலயங்களில் படித்த இளைஞர்கள். அதே பத்தாண்டில் பல்கலைக்கழகத் தரப்படுத்தல் வடக்கில் தமிழ் இளைஞர்களின் மனதை உடைத்தது. அது எங்கு போய் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

1987 முதல் 1989 வரை தெற்கில் மீண்டும் அதே கதை, இன்னும் பயங்கரமாக. எங்கள் மாத்தளை மாவட்டத்திலும் பிள்ளைகள் வீட்டிலிருந்து கூட்டிச் செல்லப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. 2012இல் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் மண் வெட்டியபோது எலும்புகள் தென்பட்டன. தோண்டத் தோண்ட 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. அவை எந்தக் காலத்துக்குரியவை என்பதில் நிபுணர்களின் முடிவுகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. ஆனால் செய்தி பரவியதும், 1989இல் மகனைத் தொலைத்த தாய்மார் "என் பிள்ளையும் இதற்குள் இருப்பானோ" என்று தேடி வந்தார்கள். அவர்கள் பக்கத்து ஊர்ச் சிங்களத் தாய்மார். அவர்களின் வேதனைக்கு இனம் கிடையாது.

இவ்வளவும் நடந்த பிறகுதான் அரசாங்கம் இளைஞர்களிடம் கேட்க முடிவு செய்தது. 1989இல் இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது, 1990இல் அறிக்கை வந்தது. கட்டுப்பாடு போதாது, பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள் என்பதல்ல அது கண்ட பிரதான காரணம். எல்லாவற்றிலும் அரசியல் செல்வாக்கு, அதிகாரத் துஷ்பிரயோகம், தமக்கு நீதி கிடைக்காது என்ற எண்ணம் ஆகியவையே. ஆங்கிலத்தை இளைஞர்கள் 'கடுவ' என்று அழைத்தார்கள். சிங்களத்தில் அது வாள். அந்த மொழி தங்களை வெட்டுகிறது என்பதுதான் அர்த்தம். 1990இல் உள்ளூராட்சித் தேர்தல் வேட்புமனுவில் 40 வீதம் இளைஞர்களுக்கு ஒதுக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் கபுறுகள் நிறைந்த பிறகு வந்த காரியம்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு நாங்களும் ஒருவரையொருவர் கேட்டோம்: "இந்தப் பொடியன்மாரின் மனதில் என்ன இருந்தது என்று எவருக்கும் தெரியாமல் போனது எப்படி?" முறைப்பாடு சொல்ல ஆயிரம் பேர் இருந்தோம். உட்கார்ந்து கேட்க எத்தனை பேர் இருந்தோம்?

இன்னொரு விடயம். 2019இல் அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். நன்றாக வாசிக்கும் பெரியவர்களே "இப்போதைய பிள்ளைகள் வாசிப்பதில்லை" என்று கூடுதலாகச் சொன்னார்கள். அதிகாரத்துக்குப் பணிவதைப் பெரிதாக நினைப்பவர்களே "மரியாதை இல்லை" என்று கூடுதலாகச் சொன்னார்கள். எங்களிடம் இன்று இருப்பது அன்றும் எல்லோரிடமும் இருந்ததாக மனம் நினைத்துக்கொள்கிறதாம். ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் நல்ல பாடம் இது.

ஆகவே பள்ளி நிர்வாகங்களிடமும் நலன்புரிச் சங்கங்களிடமும் மூன்று வேண்டுகோள்கள்:

1. நிர்வாகக் கூட்டத்தில் 20 வயதுக்குக் குறைந்த இரண்டு பேருக்கு இடம் கொடுங்கள். தேநீர் பரிமாற அல்ல, கருத்துச் சொல்ல.

2. ஓ.எல் பரீட்சை முடிந்து முடிவு வரும் வரையான மாதங்கள்தான் பிள்ளைகள் சந்தியில் நிற்கும் மாதங்கள். அந்த மாதங்களுக்கு ஆங்கில வகுப்பு, தொழிற்பயிற்சி, விளையாட்டு என்று ஏதாவது ஒழுங்கு செய்யுங்கள். 'கடுவ' இன்னும் மழுங்கவில்லை.

3. போதையில் சிக்கிய பிள்ளையின் பெயரை ஊர் வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வாப்பாவிடம் தனியாகச் சொல்லுங்கள், சிகிச்சைக்கு வழி காட்டுங்கள். ஊர் முன்னால் அவமானப்பட்டவன் திரும்பி வருவது கஷ்டம்.

உங்கள் வீட்டில் 15, 16 வயதுப் பிள்ளை இருந்தால் இன்றிரவு ஒரு கேள்வி கேளுங்கள்: "மகன், மகள், உனக்கு எது நியாயமில்லை என்று தோன்றுகிறது?" பதில் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.

அல்லாஹ் எங்கள் பிள்ளைகளைக் கண் குளிர்ச்சியாக ஆக்கி வைப்பானாக. ஆமீன். உங்கள் கருத்துகளைக் கீழே எழுதுங்கள். இளையவர்களே, நீங்கள் முதலில் எழுதுங்கள்.