வடசென்னைக் குத்துச்சண்டையும் முதுமையில் நினைவாற்றலும்

சென்னைத் துறைமுகத்தை ஒட்டி வளர்ந்த இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் போன்ற வடசென்னைப் பகுதிகளுக்குக் கால்பந்து, கேரம், குத்துச்சண்டை ஆகிய மூன்று விளையாட்டுகளும் பெருமை சேர்த்தவை. இவற்றில் குத்துச்சண்டை ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்களும் மாலுமிகளும் ஆடியதைப் பார்த்து இங்குள்ள உழைக்கும் மக்கள் கற்றுக்கொண்டனர். நாளடைவில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்ற பிரிவுகள் உருவாயின. பரம்பரை என்பது இங்கே இரத்த உறவைக் குறிப்பதல்ல. வாத்தியார், சீடர் என்று தொடரும் வழியைக் குறிப்பதாகும். இந்த வரலாற்றை வைத்து 2021-ல் பா. ரஞ்சித் இயக்கிய 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் வெளிவந்தது.

இந்த வீர விளையாட்டுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அது மேடையில் தெரியாது. பல ஆண்டுகள் கழித்தே தெரியும்.

1928-ல் அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லேண்ட், தலையில் அதிகம் குத்து வாங்கிய வீரர்கள் சிலர் குடிக்காமலேயே குடித்தவர் போலத் தள்ளாடுவதையும், அவர்களின் பேச்சு குழறுவதையும் பற்றி எழுதினார். 1937-ல் இந்நோய்க்குக் 'குத்துச்சண்டை வீரரின் மறதிநோய்' என்ற பொருளில் ஒரு பெயர் சூட்டப்பட்டது. 1973-ல் இங்கிலாந்தில் கார்செல்லிஸ் குழுவினர், இறந்துபோன 15 குத்துச்சண்டை வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து, அவற்றில் இருந்த சேதங்களை விவரித்தனர்.

காரணம் எளிமையானது. மூளை மிக மென்மையானது. மண்டையோட்டுக்குள் நீர் சூழ இருக்கிறது. பலமான குத்து விழும்போது தலை சட்டென்று திரும்புகிறது. உள்ளே மூளையும் குலுங்கி நரம்பு இழைகள் இழுபடுகின்றன. மயங்கி விழாவிட்டாலும், சிறு அடிகள் பல சேர்ந்தால் 'டௌ' என்னும் புரதம் மூளையில் படியக்கூடும். இளமையில் வாங்கிய அடியின் விளைவு மறதியாகவும் கோபமாகவும் தடுமாற்றமாகவும் முதுமையில் வெளிப்படுவது இதனால்தான்.

1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் ஆடினார். அவரைக் காணக் கூட்டம் அலைமோதியது. அப்போது அவருக்கு வயது 38. நான்கே ஆண்டுகளில், 1984-ல், அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. அதற்குக் குத்துச்சண்டைதான் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் உலகமே கேட்ட அந்தக் குரல் மெல்ல மெல்லத் தேய்ந்துபோனது. 2016-ல் அவர் காலமானார்.

அப்படியானால் குத்துச்சண்டையே வேண்டாமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அதிகாலை ஓட்டமும், கயிறு தாண்டுதலும், மூட்டையில் குத்திப் பழகுவதும் இரத்த ஓட்டத்தைச் சீராக்கி மூளைக்கு நன்மையே செய்கின்றன. தீமை செய்வது தலையில் விழும் அடிதான். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்குமே தவிர, மூளை குலுங்குவதை முழுவதுமாகத் தடுக்காது. எனவே பயிற்சியில் தலைக்குத்தைக் குறைப்பதும், அடிபட்டவர் முழுவதும் தேறும்வரை மேடை ஏறாமல் இருப்பதும் அவசியம்.

இது வீரர்களுக்கு மட்டும் உரிய பாடமல்ல. 2020-ல் லான்செட் ஆய்வுக்குழு, மறதிநோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களில் தலைக்காயத்தையும் காற்று மாசையும் சேர்த்தது. 2024 அறிக்கையில் இக்காரணங்கள் 14 ஆயின. இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மிகுந்த குடி, காது கேளாமை, தனிமை ஆகியவையும் அதில் அடங்கும். இவற்றைச் சரிசெய்தால் ஏறக்குறைய 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்கிறது அந்த அறிக்கை.

கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் சாலையில் இருசக்கர வாகனம் ஓட்டும் தொழிலாளிக்கும் தலைதான் சொத்து. ஹெல்மெட் அன்றைய உயிரை மட்டுமல்ல, எழுபது வயதில் பேரப்பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைக்கும் நினைவையும் காக்கிறது. குத்துவதை விடக் குத்து வாங்காமல் விலகுவதே பெரிய வித்தை. முதுமையின் நினைவாற்றலை இளமையிலேயே காக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடமாகும்.