வயிற்று அமிலம்: கத்தியா, மாத்திரையா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி என எந்த ஊர் மருந்துக்கடையிலும் பான்டோபிரசோல் மாத்திரை கிடைக்கும். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் என்றால் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. இதற்கு ஆபரேஷன் என்ற நினைப்பே பலருக்கு வராது. ஆனால் வயிற்று அமிலத்தால் வரும் நோய்க்கு ஒரு காலத்தில் கத்திதான் பெரிய மருந்து.

அந்தக் காலத்துக்குச் சாட்சி, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர். 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், பிறகு தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நோயாளிகள் கூட்டத்தையும் மருத்துவர் பற்றாக்குறையையும் கண்டு, அங்கேயே வேலை செய்ய முடிவெடுத்தார்.

அப்பகுதியில் குடற்புண் மிக அதிகம். புண் ஆறி ஆறித் தழும்பாகும், இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வழி அடைபடும், சாப்பிட்டது வாந்தியாகும். இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைப்பது அல்லது அதில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதுதான் வழி. இந்த அறுவையைப் பற்றி 1948-ல் அவர் தனி நூலே எழுதினார். பின்பு வேலூர் சி.எம்.சி.யில் பாடம் நடத்தினார்.

1976-ல் சிமெட்டிடின் விற்பனைக்கு வந்தது. 1980களின் இறுதியில் அதைவிட வலுவான ஒமிப்ரசோல் வந்தது. இதற்கிடையில் ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமியே காரணம் என்று காட்டினார்கள். 2005-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். இப்போது புண் ஓட்டையானால், ரத்தக்கசிவு நிற்காவிட்டால், வழி அடைபட்டால் மட்டுமே கத்தி.

நெஞ்செரிச்சல் கதை வேறு. பலர் இதையும் "அல்சர்" என்றே சொல்கிறார்கள். ஆனால் இங்கே கோளாறு, உணவுக்குழாயின் அடியில் உள்ள வால்வு தளர்வது. மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், வால்வை இறுக்காது. இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைக்கும் முறையை 1956-ல் ருடால்ஃப் நிசன் வெளியிட்டார். 1991 முதல் இது லேப்ராஸ்கோப்பி மூலமும் நடக்கிறது.

எது மேல்? ஐரோப்பாவில் 554 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. ஐந்தாண்டுக்குப் பின் மாத்திரையில் 92 சதவீதம் பேரும், அறுவையில் 85 சதவீதம் பேரும் நலமாக இருந்தார்கள். சாப்பிட்டது எதுக்களிப்பது அறுவை செய்தவர்களிடம் குறைவு. விழுங்கச் சிரமம், வயிற்று உப்புசம் அதிகம்.

ஆக, குடற்புண்ணில் மாத்திரை ஜெயித்துவிட்டது. நெஞ்செரிச்சலில் போட்டி இன்னும் முடியவில்லை. பெரும்பாலோருக்கு மாத்திரை போதும். மாத்திரை போட்டும் எதுக்களிப்பு நிற்காதவர், கடையில் அடுத்த அட்டையை வாங்குவதற்கு முன் எண்டோஸ்கோப்பி செய்து, தன் நோய் புண்ணா, வால்வா என்று தெரிந்துகொள்ள வேண்டும். நெய்யூரில் கத்திக்கு வேலை இருந்தது, அங்கே வழி அடைபட்டிருந்ததால். வால்வு தளர்ந்தவருக்கும் சில சமயம் அதே நியாயம்தான்.